தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

பிப்ரவரி 5, 1963, செவ்வாய்

இன்று காலை என் பிள்ளையை விற்றாகிவிட்டது. விலை ஒரு முறம் தவிடு.

வாங்கியவள் அடுத்த வீட்டுக் குஞ்சம்மாள். அவள் புருஷன் இவர் வேலை பார்க்கிற அரிசி மில்லில் எஞ்சின் ஓட்டுகிறவன். அக்கா பிள்ளையைப் பழைய துணியில் சுற்றிக் குப்பைக்குழி ஓரமாகக் கிடத்தி, "இந்தா, இந்தச் சனியன் எங்களுக்கு வேணாம். தவிட்டைக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போ" என்றாள். குஞ்சம்மாள் முறத்துத் தவிட்டைக் கொட்டிவிட்டுப் பிள்ளையை வாரிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து அவளே திரும்பி வந்து, "எனக்கு ஏற்கெனவே நாலு கெடக்கு. இதுக்கு நீங்கதான் பால் குடுத்து வளத்துக் குடுக்கணும்" என்று என் மடியில் போட்டாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆக, இனி நான் தாய் இல்லை, பால் கொடுக்க வந்தவள். பிள்ளைக்குப் பெயர் தவிட்டம்மாள். முதல் இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் போய்விட்டால் அடுத்ததை இப்படி விற்றுவிட வேண்டுமாம். எமன் வந்து வாசலில் நின்றால், "இது எங்க பிள்ளை இல்லீங்களே, அடுத்த வீட்டுக்காரி தவிடு குடுத்து வாங்குன பிள்ளை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாமாம்.

"எமன் என்ன அவ்வளவு மக்கா?" என்று கேட்டேன். அக்கா என் வாயில் ஒரு போடு போட்டாள். "வாய் தவறிக்கூட இனிமே என் பிள்ளைன்னு சொல்லிடாதடி."

சொல்ல மாட்டேன். எனக்கென்ன, அடுத்த வீட்டுப் பிள்ளைதானே.

பிப்ரவரி 9

இந்த டைரி மில் முதலாளி பொங்கலுக்கு இவருக்குக் கொடுத்தது. இவர் மில்லில் கணக்குப்பிள்ளை. பகல் முழுக்க எழுதுகிறவருக்கு வீட்டிலும் பேனாவைத் தொட மனசு வருமா? "எட்டாவது வரைக்கும் படிச்சவ, விட்டத்தையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காம எதையாவது எழுது" என்று என்னிடம் தள்ளிவிட்டார்.

சமையல் எல்லாம் அபயாம்பாள் அக்கா கையில். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். சின்ன வயதிலேயே அத்தானைப் பறிகொடுத்துவிட்டு மாயவரத்தில் தனியாக இருக்கிறாள். என் மூன்று பிரசவத்துக்கும் ஓடிவந்து செய்கிறவள்.

அரிசி இவர் கொண்டுவந்தது. மில்லில் இரண்டு தடவை தீட்டிய பழைய பச்சரிசி, ஓட்டல்காரர்கள் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிற ரகம். கையில் அள்ளினால் தூசி தும்பு ஒட்டாது. மூட்டையை இறக்கிவிட்டு, "உனக்குன்னு தனியாத் தீட்டச் சொன்னேன்" என்றார். இவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வருவதே அபூர்வம். இந்தக் குடியிருப்பில் மற்ற எல்லோர் வீட்டிலும் புழுங்கலரிசிதான். அக்காவுக்கு அந்த வாடையே ஆகாது, பிள்ளை பெற்றவளுக்கு அது வாயு என்பாள். பச்சரிசியைக் களைந்து களைந்து, தண்ணீர் பளிச்சென்று தெளிந்த பிறகுதான் உலையில் போடுவாள். வெந்ததும் கஞ்சியை ஒட்ட வடித்துவிடுவாள். கஞ்சி குஞ்சம்மாள் வீட்டு மாட்டுக்குப் போகும்.

சோற்றுக்கு மேலே பூண்டும் மிளகும் நல்லெண்ணெயில் வதக்கி ஒரு கரண்டி. சுட்ட சுண்டை வற்றல் நாலைந்து. அவ்வளவுதான். பருப்பு வாயு, கீரை குளிர்ச்சி, பால் சளி, பழம் மாந்தம். நாங்கள் சைவம், அதனால் மற்றவர்கள் தின்கிற கருவாடும் கிடையாது. நான் எதைத் தின்றாலும் அது பால் வழியாகப் பிள்ளைக்குப் போகும் என்பாள் அக்கா.

குஞ்சம்மாளிடம் பெருமையாகச் சொன்னேன். "அய்ய, நான் பெத்த மூணாம் நாளே கேவுரு களி தின்னவ" என்றாள். அவளுக்கு ஒரு உடம்பு, எனக்கு ஒரு உடம்பு.

பிப்ரவரி 10

களைந்த தண்ணீரில் இன்னும் கொஞ்சம் வெள்ளை தெரிகிறது என்று சொன்னேன். அக்கா முகம் சுளிக்காமல் இன்னொரு தரம் களைந்தாள்.

பிப்ரவரி 22

குஞ்சம்மாள் வீட்டுப் பிள்ளை இன்று சிரித்தது. தூக்கத்தில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. என்னைப் பார்த்துத்தான் சிரித்தது. நன்றாகக் கொழுகொழுவென்றுதான் இருக்கிறது. கன்னத்தைத் தொட்டால் விரல் அமுங்குகிறது. அழுதால் மில் சங்கு ஊதுவதுபோல் ஊரைக் கூட்டுகிறது. "இது தொண்டையா, தாரையா?" என்று இவர்கூட மில்லிலிருந்து வந்ததும் கேட்டார்.

மூத்தவனும் கொழுகொழுவென்றுதான் இருந்தான். அவன் போனதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரியும். நான் ஒருநாள் நாக்கு செத்துப்போய் மாங்காய் ஊறுகாயை விரலால் தொட்டு நக்கினேன். அதற்கு மறுவாரம் போனான். சின்னவனுக்கு நான் எதையும் தொடவில்லை, ஆனால் நாற்பதாம் நாளுக்குப் பிறகு பருப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். அவனும் போனான்.

இந்தத் தடவை யாரும் என்மேல் ஒரு குற்றம் சொல்ல முடியாது.

மார்ச் 7

தீட்டுக் கழிந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அக்கா துவரம்பருப்பை வறுத்து வைத்திருந்தாள். "போதும்டி தையலு, நாக்கு மரத்துப்போயிருக்கும். இன்னைக்குக் கொஞ்சம் பருப்பும் நெய்யும் போட்டுச் சாப்பிடு."

எனக்கு வந்ததே கோபம். "நீயா என்கிட்ட இப்படிச் சொல்றே? சின்னவனுக்கு இப்படித்தானே ஆரம்பிச்சோம்?" என்று கத்திவிட்டேன். அக்கா பருப்பை அப்படியே டப்பாவில் கொட்டிவிட்டாள். அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, பிள்ளைக்கு நாலு மாதம் முடிகிறவரை பத்தியத்தை விடமாட்டேன் என்று சொன்னேன். தையல்நாயகி என்று அந்த அம்மன் பெயரையே வைத்துக்கொண்டு அலைகிறேன், அவளுக்குத் தெரியாதா என் வயிற்றெரிச்சல்.

"நீ ரொம்பப் பிடிவாதக்காரி" என்றாள் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 16

கிணற்றடிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குஞ்சம்மாளின் மூன்றாவது பெண் பின்னாலேயே ஓடிவந்து, "அத்தை, உங்க செருப்பு அங்கேயே கெடக்கு" என்றது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றது கழன்றதே எனக்குத் தெரியவில்லை. சிரித்துச் சமாளித்தேன்.

உட்கார்ந்து எழுந்தால் கெண்டைக்கால் சுண்டி இழுக்கிறது. பாதம் மதமதவென்று இருக்கிறது. எல்லாம் வாயு. பிள்ளை பெற்றவளுக்கு வராத வாயுவா? அக்காவிடம் சொன்னேன். பூண்டைக் கூட்டினாள், சோற்றை இன்னும் ஒட்ட வடித்தாள்.

மார்ச் 25

ரசத்தில் பருப்பு வாடை அடித்தது. கீழே ஊற்றிவிட்டேன்.

ஏப்ரல் 2

இரண்டு நாளாகப் பிள்ளை குடித்த பாலைக் கக்குகிறது. பிள்ளை என்றால் கக்கத்தான் செய்யும். வயிறும் சரியாகப் போகவில்லை. அக்கா வெற்றிலைக் காம்பில் எண்ணெய் தொட்டு வைத்தாள். சிணுங்கிக்கொண்டே இருக்கிறது, மார்பில் வைத்தால் இரண்டு வாய் இழுத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது.

மாவு சலித்தேன். இவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்தேன். ஊசி விரலில் ஏறி இரத்தம் துணியில் பட்ட பிறகுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 6

குஞ்சம்மாள் ஒரு கிண்ணத்தில் முருங்கைக்கீரையும் அவித்த பயறும் கொண்டுவந்தாள். "கணக்குப்பிள்ளை வீட்டம்மா, சொன்னாக் கோவிக்கக் கூடாது. உங்க மூஞ்சி ஊதிக் கெடக்கு, காலு ஊதிக் கெடக்கு. வெறுஞ்சோத்தைத் தின்னுக்கிட்டு எப்படிப் பால் குடுப்பீங்க? ஒரு வாய் தின்னுங்க."

"உன் பிள்ளையைக் கொல்லச் சொல்றியா?" என்று கேட்டேன்.

அவள் முகம் செத்துப்போய்விட்டது. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் அவளுக்குத் தெரியுமா? அவள் ஒன்றையாவது குழியில் இறக்கியிருக்கிறாளா?

ஏப்ரல் 9

பிள்ளைக்குத் தொண்டை கட்டியிருக்கிறது. ராத்திரிப் பனி. ஜன்னலைச் சாத்தச் சொன்னால் இவர் கேட்டால்தானே. புழுக்கம் புழுக்கம் என்று திறந்து போட்டார்.

மூத்தவனுக்கும்

வேண்டாம், அதை எழுதவேண்டாம்.

ஏப்ரல் 11

அக்கா வசம்பைச் சுட்டு இழைத்து நாக்கில் தடவினாள். மிளகாய் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி கொஞ்சமும் அடிக்கவில்லை, அத்தனை கண்பட்டிருக்கிறதாம். பிள்ளை அழுதால் காற்றுதான் வருகிறது, நடுவில் கீச்சென்று ஒரு சத்தம். அக்கா என் முகத்தைப் பார்க்காமலே வேலை செய்கிறாள். நானும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறோம்.

இவர், "தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடுவோமா?" என்றார். அக்கா சீறினாள். "சின்னவனுக்கு ஊசி போட்டது மறந்துபோச்சா தம்பி?"

யாருக்கு மறக்கும்? அவனை ஒரு டாக்டரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் மடியிலேயே நீலம் பாரித்துப் போனான். ஊசியை எடுத்ததும் அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஏப்ரல் 12

இன்று பிள்ளை அழவே இல்லை. நல்ல தூக்கம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி வைத்து, மாவிலை கட்டி, எல்லாம் நடந்தது. எனக்குப் பச்சடி கிடையாது.

படைத்து முடிக்கிற நேரத்தில் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். வாயைப் பெரிதாகத் திறந்திருந்தது. முகம் சிவந்து, கை கால் எல்லாம் உதறி, கண்ணில் தண்ணீர் வழிய அழுதுகொண்டிருந்தது. ஒரு சத்தமும் இல்லை. எவ்வளவு நேரமாக அப்படி அழுதுகொண்டிருந்ததோ. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன்.

தூக்கினால் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொள்கிறது. மூச்சு விடும்போது விலா உள்ளே போகிறது. உதட்டோரம் லேசாக நீலம்.

பயமாக இருக்கிறது. பயம் இல்லை, பயம் இல்லை என்று இத்தனை நாள் வாயடித்தேன். ஐயோ, எனக்குப் பயமாக இருக்கிறது. இதே மாதிரிதான் இரண்டும் போயின. முதலில் குரல் போகும், அப்புறம் மூச்சு.

அக்கா பூசாரியைக் கூப்பிட்டு வரச் சொன்னாள். இவர் மில் லாரியைக் கேட்டுக்கொண்டு வருவதாகச் சொன்னார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். லாரியைக் கொண்டுவரச் சொன்னேன். "ஊசி போட விடமாட்டேன், பாத்துட்டு மட்டும் வருவோம்" என்று அக்காவிடம் சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தின்பேரில்தான் அவளும் கூட வரச் சம்மதித்தாள். லாரி இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய். ஆஸ்பத்திரி

நேற்று முன்தினம் நடந்ததை எழுதிவிட வேண்டும். எழுத்து கோணல்மாணலாக வருகிறது.

லேடி டாக்டர் கண்ணாடி போட்டவர், எல்லோரையும் அதட்டுகிறவர். பிள்ளையின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டதும் முகம் மாறியது. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "தாய்ப்பாலா? தாய் யாரு?" என்று கேட்டார்.

பிள்ளை அக்கா கையில் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "எங்க பிள்ளை இல்லீங்கம்மா. அடுத்த வீட்டுக் குஞ்சம்மாளோட பிள்ளை."

ஆஸ்பத்திரியில் எமன் எந்த மூலையில் நிற்பானோ என்று அவளுக்குப் பயம். எனக்கும் அதே பயம். நானும் பேசாமல் நின்றேன்.

"அந்தம்மா ஏன் வரலை? அவ என்ன சாப்பிடுறா? கீரை, பருப்பு, பயறு ஏதாவது?"

"எல்லாமே திம்பாம்மா. புழுங்கலரிசி, களி, கீரை, மீன், அவளுக்கு ஒண்ணும் தள்ளுபடியில்லை" என்றாள் அக்கா. அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. குஞ்சம்மாள் அப்படித்தான் தின்கிறாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "அப்படின்னா அது இல்லை" என்று நர்சிடம் சொன்னார். எது இல்லை என்று எனக்குப் புரியவில்லை. நெஞ்சில் சளியா, வேறு கோளாறா, படம் எடுக்க வேண்டும், கொண்டுபோங்கள் என்று என்னென்னமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றுதான் புரிந்தது. டாக்டர் ஒரு கதவைத் தட்டப் போனார், அக்கா சொன்னதைக் கேட்டுக் கையை எடுத்துவிட்டார்.

பிள்ளையின் உதடு இன்னும் கறுத்திருந்தது. "எமனே, கேட்டால் கேட்டுக்கொள்" என்று நினைத்துக்கொண்டு கத்திவிட்டேன். "டாக்டரம்மா, என் பிள்ளை அது. நான்தான் பெத்தேன். என் பால்தான் குடிக்குது."

"தையலு!" என்று அக்கா என் வாயைப் பொத்த வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பைத்தியங்களைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நீ என்ன சாப்பிடுறே?"

சொன்னேன். இரண்டு தரம் தீட்டின பச்சரிசி, களைந்து வடித்த சோறு, பூண்டு, மிளகு, வற்றல். வேறு ஒன்றுகூடத் தொட்டதில்லை என்று அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். ஒழுங்காகப் பத்தியம் இருந்தவள் என்று தெரிந்தால் திட்டமாட்டார் என்று நினைத்தேன்.

"கீழ உக்காரு." உட்கார்ந்தேன். "எதையும் பிடிக்காம எழுந்திரு." முடியவில்லை. மேஜைக் காலைப் பிடித்தேன், "பிடிக்காதே" என்றார். மறுபடி முயற்சி செய்தேன். அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டர் குனிந்து என் பாதத்தில் என்னமோ செய்தார். "வலிக்குதா?" என்று கேட்டார். எது வலிக்கிறதா என்று கேட்டேன். குண்டூசியால் குத்தியிருந்தார். சொட்டு இரத்தம் வந்திருந்தது.

"வாயுங்க அது" என்றேன்.

"வாயுவும் இல்லை, மண்ணும் இல்லை. வியாதி உனக்குத்தாம்மா. உன் பால் வழியாத்தான் அது பிள்ளைக்கு வந்திருக்கு." நர்சைப் பார்த்து ஊசி கொண்டுவரச் சொல்லிக் கத்தினார்.

ஊசியைப் பார்த்ததும் எனக்கு வண்டியும் நீலம் பாரித்த முகமும்தான் தெரிந்தன. டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். வேண்டாம், வேண்டாம் என்றேன். அக்கா என் பின்னால் நின்று, "சத்தியம் பண்ணிட்டு வந்தியேடி" என்று அழுதாள்.

டாக்டர் அதட்டவில்லை. அதுதான் ஆச்சரியம். குரலைத் தணித்து, "ஏற்கெனவே ஊசி போட்டு ஒண்ணு போயிடுச்சா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "இதுக்குப் போடலைன்னா இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள இதுவும் போயிடும். போட்டா பொழைக்க வழி இருக்கு. நீதான் தாய்னு சொன்னே. சொல்லு."

கையை விட்டேன். விட்டதும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பிள்ளை அழுதால் சத்தம் வராது என்று தெரிந்தும் காதைப் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் தரையிலேயே அப்படி உட்கார்ந்திருந்தேனோ. நர்ஸ் வந்து தோளைத் தொட்டபோது பிள்ளை போய்விட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "எந்திரிங்கம்மா, உங்களுக்கும் ஊசி போடணும்" என்றாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் பிள்ளையின் விலா உள்ளே போவது குறைந்தது. விளக்கு வைக்கும்போது உதடு வெளுத்து, அப்புறம் சிவந்தது. நெஞ்சில் கையை வைத்தேன். அடிப்பு நிதானமாக இருந்தது. நான் அழவில்லை. நம்பவில்லை. மறுநாள் விடிந்து, அது பாலுக்கு முட்டிய பிறகுதான் தேம்பித் தேம்பி அழுதேன்.

ஏப்ரல் 17

டாக்டர் இவரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். பெரிபெரி என்று வியாதிக்குப் பெயராம். வைட்டமின் பி என்று ஒரு சத்து உடம்பில் இல்லாமல் போனால் வருவது. "அரிசியோட மேல்தோல்லதான் அந்தச் சத்து இருக்கு. அதைத் தீட்டி எடுத்துடுறீங்க. ஒட்டிக்கிட்டிருக்கிறதைக் களைஞ்சு ஊத்திடுறீங்க. அதுலயும் மிஞ்சுனதைக் கஞ்சியா வடிச்சுடுறீங்க. பருப்பும் கிடையாது, கீரையும் கிடையாது. இவ உடம்புல இல்லாதது பால்ல எப்படி வரும்?"

"தீட்டி எடுக்கிறது எங்கே போவுது டாக்டர்?" என்று இவர் கேட்டார். மில் கணக்குப்பிள்ளைக்குத் தெரியாததா? தெரிந்தும் கேட்டார்.

"தவிட்டுலதான்."

இவர் எழுந்தார். வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். இங்கிருந்தே அவர் முதுகு தெரிந்தது. எனக்காகத் தனியாகத் தீட்டச் சொன்ன அரிசி அது. சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. கிட்டே போய், "ஏங்க, பிள்ளை உங்களைத் தேடுது" என்று பொய் சொன்னேன். எழுந்து வந்தார்.

டாக்டர் கிளம்பும்போது சீட்டில் எழுதிக்கொள்ள, "முந்தின குழந்தைங்க எத்தனை? என்னவா இருந்தது?" என்று கேட்டார். அக்கா என் தலைமாட்டில் விசிறிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் காய்ச்சல்ல போச்சு" என்றேன்.

டாக்டர் என்னைப் பார்த்தார். அப்புறம் அப்படியே எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் 19

பிள்ளைக்குக் குரல் கொஞ்சம் வந்திருக்கிறது. கரகரவென்று இருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரி, "தூக்கி ஆத்துங்களேன், கத்துதே" என்று அலுத்துக்கொண்டாள். கொஞ்சம் கத்தட்டும் என்றேன்.

என் காலில் இன்னும் மதமதப்பு போகவில்லை. மாதக்கணக்கில் ஆகுமாம். போகட்டும்.

ஏப்ரல் 20, சனி

மத்தியானம் அக்கா வெளியே போய்ச் சாப்பாடு வாங்கிவந்தாள். புழுங்கலரிசிச் சோறு, கெட்டிப் பருப்பு, முளைக்கீரை மசியல். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் கேட்டு வாங்கியிருக்கிறாள். இலையை விரித்து அவளே பிசைந்தாள். என் கை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அம்மா போன புதிதில் எனக்கு ஊட்டியதுபோலவே உருட்டி உருட்டி ஊட்டினாள். புழுங்கலரிசி வாடை அடிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, ஒன்றும் தெரியவில்லை என்றாள்.

பாதி இலை ஆனபோது அக்காவின் கை நின்றது.

"மூத்தவனுக்கும் மொதல்ல தொண்டைதானேடி கட்டிச்சு?" என்று கேட்டாள்.

என் வாயில் சோறு இருந்தது.

"சின்னவனுக்கும் அப்படித்தான்" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. "நான்தானே களைஞ்சேன். நான்தானே வடிச்சேன். நீ ஒரு தரம் களையச் சொன்னா நான் ரெண்டு தரம் களைஞ்சேன்."

இல்லை, பிடிவாதம் பிடித்தது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். மார்ச் மாதமே பருப்புப் போட வந்தாய், நான்தான் கத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். அது காய்ச்சல்தான் என்று இன்னொரு தரம் பொய்யாவது சொல்லியிருக்கலாம். போன பிள்ளைகள் இரண்டு பேர் முகமும் சேர்ந்து கண்முன்னால் வந்தது. சோற்றை மென்று மென்று எப்படியோ விழுங்கினேன்.

அக்கா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்களில் பருப்பும் கீரையும் ஒட்டியிருந்தன. அந்தக் கையை இலையிலிருந்து எடுத்துக் கழுவிக்கொள்ளப் போகிறாள், இனி ஜன்மத்துக்கும் எனக்குச் சோறு போடமாட்டாள் என்று திடீரென்று தோன்றியது. பிள்ளைக்கு மூச்சு முட்டியபோது பயந்த அதே பயம்.

"அக்கா, பசிக்குது" என்றேன்.

அவள் அசையவில்லை.

வாயைத் திறந்து காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி பார்க்கிறாள் என்று தெரியும். பார்த்தால் பார்க்கட்டும். வெகுநேரம் கழித்து அக்கா மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டு, ஒரு உருண்டை பிடித்து என் வாயில் வைத்தாள்.

"மெதுவா முழுங்குடி" என்றாள்.